மட்டக்களப்புக்குத் திரும்பி வந்து வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வாழும் நம்மவர்களில் ஓய்வுபெறும் வயதை எட்டிய பலர், ஊருக்கே திரும்பி வந்து ஒரு வீட்டை வாங்கிக் குடியேறலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் மனைவியும் இங்கிலாந்தில் வேலையை முடித்துக்கொண்டு கல்லடியில் வந்து குடியேறிய நாளில் இருந்து, இந்தக் கேள்வி வாரம் தவறாமல் தொலைபேசியில் வருகிறது. வரலாம் என்பதே என் பதில். ஆனால் வருகிறவர் தன் பெயரில், தன் பணத்தில், சட்டம் ஏற்கும் வழியில் வாங்கிக்கொண்டு வரவேண்டும். தங்கைக்குக் கொடுத்துவிட்ட வீட்டில் பங்கு தேடியோ, தம்பியின் பெயரை இரவல் வாங்கியோ வரக்கூடாது.

முதலில் பலருக்குக் கசப்பாக இருக்கும் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். பிறந்து வளர்ந்த ஊரே ஆனாலும், சட்டத்தின் முன் நம்மில் பெரும்பாலோர் இங்கே வெளிநாட்டவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வம்சாவழியால் இலங்கைப் பிரசையான ஒருவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றுக்கொண்டால், இலங்கைக் குடியுரிமை அவரை விட்டு நீங்கிவிடும். அதற்கென்று யாரும் கடிதம் அனுப்புவதில்லை. பழைய அடையாள அட்டை அலுமாரிக்குள் கிடப்பதால், தாம் இன்னமும் இலங்கையர்தான் என்று எண்ணிக்கொண்டே பலர் காணி பார்க்க வந்துவிடுகிறார்கள்.

காணிகளைக் கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், 2013 சனவரி 1 ஆம் திகதி முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, இலங்கையில் உள்ள காணியின் உரித்தை வெளிநாட்டவருக்கு எழுதிக்கொடுப்பதைத் தடுக்கிறது. அதற்கு முன்பெல்லாம் காணியின் பெறுமதிக்கு ஈடான 100 வீத வரியைக் கட்டிவிட்டு வாங்க வழியிருந்தது. இன்று அந்த வழியும் இல்லை. விதிவிலக்குகள் சில உண்டு. தொடர்மாடிக் கட்டடத்தில் உள்ள வீட்டை, முழுப் பணத்தையும் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து வாங்கலாம். ஆனால் அது கொழும்பில் இருப்பவருக்கு உதவுமே தவிர, முற்றமும் கிணறும் முருங்கை மரமும் உள்ள வளவைத் தேடி மட்டக்களப்புக்கு வருபவருக்கு உதவாது. காணியை 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம். நெருங்கிய உறவினரின் காணி வாரிசு உரிமையாக வந்து சேர்வதையும் சட்டம் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் விட நமக்கு உதவும் விதிவிலக்கு ஒன்றுதான்: இரட்டைக் குடியுரிமை பெற்றவரை இந்தத் தடை கட்டுப்படுத்தாது.

ஆகவே வீடு வாங்கும் வேலை, வீடு பார்ப்பதில் தொடங்குவதில்லை. பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில்தான் தொடங்குகிறது. இரட்டைக் குடியுரிமைக்கான ஏற்பாடு 1987 ஆம் ஆண்டின் திருத்தத்தோடு வந்தது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர், கல்வி அல்லது தொழில் தகைமை உடையவர், இலங்கையில் சொத்தோ வங்கி வைப்போ உள்ளவர் என்று பல பிரிவுகளின் கீழ் விண்ணப்பிக்கலாம். நாம் வாழும் நாட்டின் இலங்கைத் தூதரகம் ஊடாகவும் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். இதில் நம்மவர்களைத் தடக்கி விழுத்துவது பெரும்பாலும் தகைமை அல்ல, பெயர். இங்கே பிறப்புச் சான்றிதழில் நமக்கு ஒரு பெயர், தகப்பனுக்கு ஒரு பெயர். அங்கே கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் நம் குடும்பப் பெயராகிவிடுகிறது, பெண்களுக்கோ கணவனின் பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. என் மனைவியின் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் பிரித்தானியக் கடவுச்சீட்டும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தபோது, பார்ப்பவர் கண்ணுக்கு அவை மூன்று வெவ்வேறு பெண்களுடையவை. ஒருவரே என்பதைச் சத்தியக்கடதாசி முடித்து நிரூபிக்க வேண்டியிருந்தது. காணி உறுதியில் எழுதப்படும் பெயரும் இந்த ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், இதை ஆற அமரச் செய்து முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இந்தத் தாமதத்தைப் பொறுக்கமாட்டாமல்தான் பலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். "இப்ப தம்பியின்ர பெயரில எழுதுவம், குடியுரிமை வந்த பிறகு மாத்துவம்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. தம்பி நல்லவராகவே இருக்கட்டும். உறுதியில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் முன் உரிமையாளர். அவர் கடன்பட்டால் அந்தக் காணியைக் கடன்காரர் பிடிக்க முடியும். மரணசாதனம் எழுதாமல் அவர் கண்ணை மூடினால், 1876 ஆம் ஆண்டின் திருமண உரித்துகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி பாதி அவருடைய மனைவிக்கும், மறுபாதி அவருடைய பிள்ளைகளுக்கும் போகும். அந்தப் பிள்ளைகள் பெரியப்பாவின் பணத்தைப் பற்றி அறிந்திருக்கவும் வேண்டியதில்லை, மதிக்கவும் வேண்டியதில்லை. சட்டத்தைச் சுற்றிப் போவதற்காகச் செய்துகொண்ட ஓர் இரகசிய ஏற்பாட்டை நீதிமன்றம் காப்பாற்றித் தரும் என்று நம்பவும் இடமில்லை. அதைவிட, உடன்பிறந்தவர் மீது இப்படி ஒரு பாரத்தை ஏற்றிவைப்பதே அநியாயம் என்று நான் நினைக்கிறேன். அயலெல்லாம் அவரைச் சொத்துக்காரர் என்று பார்க்கும். வீட்டுக்குள்ளே அவர் காவல்காரர் என்று நடத்தப்படுவார்.

தங்கையின் வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் மட்டக்களப்புக்குத் திரும்பும் ஆண்களுக்கு இதில்தான் நெஞ்சு நோகிறது. மட்டக்களப்புத் தமிழர் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் அவள் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கத்தில் சிறியதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது இளைய மகளுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியில் போவது போலவே வளவும் தாய்வழியில் போயிற்று. முக்குவர் சட்டம் என்று அறியப்பட்ட பழைய தாய்வழி உரிமைமுறை ஆங்கிலேயர் காலத்திலேயே நீதிமன்றத்தை விட்டு நீங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் நமக்குப் பொருந்தாது. இன்று மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பதே சட்டம். ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மகளுக்குச் சீதன உறுதியோ நன்கொடை உறுதியோ முடித்துக்கொடுத்துவிட்டால், பிறகு பங்குபோட அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. வழக்கம் சட்டத்துக்குள் அப்படித்தான் இன்றும் உயிர்வாழ்கிறது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாடு போன அண்ணன்மாரில் எத்தனையோ பேரின் முதல் சம்பளம் தங்கையின் வீட்டு அத்திவாரத்துக்குள் போனது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, உணவகத்தில் கோப்பை கழுவுதல், குளிர் அறையில் இறைச்சி வெட்டுதல் என்று உழைத்த காசு அது. முப்பது ஆண்டுகள் கழித்து வந்து அந்த வீட்டின் விறாந்தையில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும்போது, இது நான் கட்டிய வீடு அல்லவா என்ற எண்ணம் வருவது இயல்புதான். ஆனாலும் அந்த வீடு தங்கையுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் அனுப்பியது கொடை. அவளோ சுற்றிவளைப்புகளின் போதும், வெள்ளத்தின் போதும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறிவந்து நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்த போதும் அந்த வளவை விட்டுப் போகாமல், போனாலும் திரும்பி வந்து, அம்மாவையும் அப்பாவையும் கடைசிவரை பார்த்தவள். திரும்பி வரும் அண்ணன் செய்யவேண்டியது, அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அதே ஊரில், தனக்கென்று வேறொரு வளவை வாங்குவதுதான். அப்போதுதான் உறவு உறவாகவே இருக்கும்.

இனிக் காணி பார்ப்பதற்கு வருவோம். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களில், பிள்ளைகளின் விடுமுறையோடும் கோயில் திருவிழாக்களோடும் சேர்த்து வந்து, அந்த அவசரத்தில் காணியும் பார்க்கிறார்கள். கச்சான் காற்று வீசும் அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் எந்த வளவும் காய்ந்து, துப்புரவாக, அழகாகத்தான் இருக்கும். நாங்கள் வாங்க நினைத்த முதலாவது காணி கல்லடியில் வாவிப் பக்கமாக இருந்தது. தரகர் புகழ்ந்துகொண்டே நடக்க, பக்கத்து வளவில் நின்ற வயதான அம்மா ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாரிக்குள்ள ஒருக்கா வந்து பாருங்க மனே, மறுகா காசக் குடுங்க" என்றார். மார்கழியில் போய்ப் பார்த்தோம். கேற்றடியில் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுக்குள் நிலத்தில் இருந்து ஒரு முழ உயரத்தில், புதிதாக அடித்த சுண்ணாம்பையும் மீறி, பழைய வெள்ளம் நின்ற கோடு சுவரைச் சுற்றிலும் மங்கலாகத் தெரிந்தது. அந்தக் காணியை விட்டுவிட்டோம். வாடகை வீட்டில் ஒரு மாரியும் ஒரு கோடையும் இருந்து பார்க்காமல் இங்கே வீடு வாங்கவேண்டாம் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது அதனால்தான்.

கிணற்றையும் பார்க்கவேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை முழுவதும் மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறிவிடும். கோடையின் முடிவில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால், விற்பவர் சொல்லாத செய்தி தெரிந்துவிடும். இதே மணல் மலசலகூடக் குழியின் கழிவையும் இலகுவாகக் கடத்தும் என்பதால், நம் குழி மட்டுமல்ல, அயலவரின் குழிகளும் கிணற்றில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து பார்க்கவேண்டும். சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கப்படும் காணிகளில் இந்தத் தூரம் பெரும்பாலும் போதாது. கடற்கரையை அண்டிய காணி என்றால் இன்னொன்றும் உண்டு: சராசரி உயர்நீர்மட்டக் கோட்டில் இருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் ஆகும்; அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டத் தடை என்று அறிவித்துப் பின்னர் தளர்த்தினார்கள். அந்தக் குழப்பத்தின் நடுவே எழும்பிய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. அனுமதிப் பத்திரம் கையில் இல்லாத கட்டடத்துக்கு வீட்டு விலை கொடுக்காதீர்கள்.

அடுத்து, உறுதி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மலிவாக ஏக்கர் கணக்கில் கிடைக்கும் காணிகளில் கணிசமானவை பெர்மிட் காணிகள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுத்தவை. சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் அளிப்புப் பத்திரம் உள்ளவையும் அங்கே உண்டு. இவற்றைப் பிரதேச செயலாளரின் முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. வெற்றுக் கடதாசியில் கையொப்பம் வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தவருக்குச் சட்டப்படி எதுவுமே சொந்தமில்லை. திரும்பி வருகிறவர் உறுதிக் காணியை மட்டும் பார்ப்பதே நல்லது.

உறுதிக் காணியிலும், விற்பவர் காட்டும் ஓர் உறுதியோடு நின்றுவிடக்கூடாது. தாய் உறுதி தொடக்கம் வரிசையாக எல்லா உறுதிகளையும் கேட்டு வாங்கி, காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்காவது பதிவைத் தேடிப் பார்க்க நம்பிக்கையான நொத்தாரிசு ஒருவரை அமர்த்தவேண்டும். அவர் விற்பவரின் நொத்தாரிசாக இருக்கக்கூடாது. நாங்கள் கடைசியில் வாங்கிய காணியின் உறுதிகளை நொத்தாரிசு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாசித்தபோது, தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவளுடைய மகளுக்கு என்று பெண்களின் பெயர்களே வரிசையாக வந்தன. பழுப்பேறிய பழைய உறுதியில் வடக்கெல்லை இன்னாரின் வளவு என்றும், கிழக்கெல்லை ஒழுங்கை என்றும், தெற்கே ஒரு பூவரச மரமும் வேலியும் என்றும் எழுதியிருந்தது. இன்று அந்த மரமும் இல்லை, அந்த இன்னாரும் இல்லை. ஆகவே நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து, கல் போட்டு, வரைபடம் எடுத்த பிறகே பணத்தைக் கொடுத்தோம். அளந்தபோது பின்பக்க வேலி உறுதியில் உள்ளதை விட உள்ளே தள்ளி நின்றது. பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோர 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இடம்கொடுப்பதால், ஆள் இல்லாத வளவுகளில் வேலி நகர்வதைச் சிறிய விடயம் என்று விட்டுவிடக்கூடாது. போரினால் இடம்பெயர்ந்து தம் காணிக்காக வழக்குப் போட முடியாமல் இருந்தவர்களுக்காக 2016 ஆம் ஆண்டில் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழிசெய்தது.

விற்பவருக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா, பெற்றோர் இறந்த பிறகு காணி பிரிக்கப்பட்டதா என்பதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பிரிக்கப்படாத பங்கு ஒன்றை வாங்கினால், கனடாவில் ஒருவர், சுவிஸில் ஒருவர் என்று இருக்கும் பங்காளிகள் எல்லோரோடும் நாமும் ஒரு பங்காளியாகிவிடுவோம். நம் மாவட்டத்தில் இதைவிடக் கொடிய நிலையும் உண்டு. பங்காளிகளில் ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருப்பார். அவருடைய கையொப்பத்துக்குப் பதிலாக எதையாவது வைத்து உறுதியை முடிக்கலாம் என்று யாரும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காணாமற்போனோரின் குடும்பங்கள் மரணச் சான்றிதழ் எடுக்காமலேயே சொத்து விடயங்களைக் கவனிக்க 2016 ஆம் ஆண்டில் தனியான சான்றிதழ் ஒன்று சட்டத்தில் கொண்டுவரப்பட்டது. அந்தக் குடும்பம் அதைப் பெறுவதா வேண்டாமா என்பது அவர்களுடைய துயரத்தோடு சம்பந்தப்பட்ட முடிவு. ஒரு வீட்டுக்காக அந்தத் தாயை அவசரப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

எல்லாம் சரியென்றால் அறுதி உறுதியை, அதாவது விற்பனை உறுதியை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு முடிக்கலாம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். விலையைக் குறைத்து எழுதித் தீர்வையை மிச்சப்படுத்தலாம் என்று சொல்வார்கள், அதைச் செய்யவேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்போதே வாங்குவதானால், பணத்தை வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் ஊடாகக் கொண்டுவாருங்கள். பின்னொரு நாள் விற்க நேர்ந்தால், அந்தப் பணத்தை மீண்டும் வெளியே கொண்டுபோவதற்கு அந்தக் கணக்கே ஆதாரம். வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்த பணத்துக்கு அப்படி ஒரு தடயமும் இருக்காது.

வீட்டுக்குப் பிறகு வாழ்க்கைச் செலவு. இங்கிலாந்தின் அரச ஓய்வூதியத்தை நம்பி வருகிறவர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு: இலங்கையில் வசிப்பவருக்கு அது ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. வந்து சேர்ந்தபோது என்ன தொகையோ அதே தொகைதான் எண்பது வயதிலும் கிடைக்கும். 2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய் வரை போனபோது, வெளிநாட்டுப் பணம் இங்கே பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அதே ஆண்டில் பொருள்களின் விலையும் ஏறியது, எரிபொருளுக்கு வரிசையும் நின்றது. நாணய மதிப்பை வைத்து ஓய்வுகாலத்தைக் கணக்குப் போடவேண்டாம். இங்கிலாந்தின் இலவச மருத்துவமும் அங்கே வசிப்பவருக்கானது. நிரந்தரமாக வெளியேறியவர் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது வைத்தியசாலைச் சிகிச்சைக்குப் பணம் கட்ட நேரலாம். அங்குள்ள வீட்டை விற்றுவிட்டுத்தான் இங்கே வாங்குவது என்றால், வதிவிடம் மாறிய பிறகு விற்பவர் விற்பனை முடிந்து 60 நாள்களுக்குள் பிரித்தானிய வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். இங்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை பக்கத்தில் இருப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஊருக்குள் தள்ளி, பாலம் கடந்து, பேருந்துக்குக் காத்திருந்து போகவேண்டிய இடத்தில் எழுபது வயதில் வீடு வாங்குகிறவர்கள், இரவில் நெஞ்சு நோவு வந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே யோசிக்கவேண்டும்.

கடைசியாக, மரணசாதனம். எங்கள் பிள்ளைகள் இருவரும் பிரித்தானியப் பிரசைகள். அவர்கள் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாவிட்டாலும், எங்களிடமிருந்து வாரிசாகப் பெற முடியும். மரணசாதனத்தை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க எழுதலாம், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். இங்கிலாந்தில் எழுதியதோடு நின்றுவிடாமல், இந்த வளவுக்கென்று மட்டக்களப்பிலேயே தனியாக ஒன்றை எழுதி, அதன் பிரதியை மகளிடம் கொடுத்திருக்கிறோம். வேண்டுமென்றால் வந்து இருக்கவும், வேண்டாமென்றால் விற்றுவிடவும் அவளுக்கு முழு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது.